குடிநீர் என்னும் ஒரு சொல்

தமிழில் குடிநீர் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. குடிப்பதற்குரிய நீர் என்பது ஒன்று. வேரும் பட்டையும் இலையும் இட்டுக் காய்ச்சி வடித்த மருந்துநீர் என்பது மற்றொன்று. 'கசாயம்' என்னும் வடசொல் வந்து புகுந்தபின் இரண்டாவது பொருள் பேச்சு வழக்கிலிருந்து பையப்பைய ஒதுங்கிற்று. சித்த மருத்துவ நூல்களிலும் மருத்துவர் நாவிலும் மட்டுமே அது உயிர் பிழைத்திருந்தது. 2006-இல் சிக்குன்குன்யாக் காய்ச்சல் பரவியபோது சித்த மருத்துவர்கள் நிலவேம்புக் குடிநீரைப் பரிந்துரைத்தனர். 2012-இல் டெங்குக் காய்ச்சல் வாட்டியபோது தமிழ்நாட்டரசே அதை மக்களுக்கு வழங்கிற்று. 2020-இல் கொரோனாத் தொற்று வந்தது. கபசுரக் குடிநீர் என்னும் பெயரைச் சொல்லாத வாயில்லை. ஒதுங்கிக் கிடந்த தமிழ்ச்சொல் ஒன்று ஊர்வாயில் மீண்டும் ஏறியமைக்கு நம்மவர் மகிழ்ந்தனர். யானும் மகிழ்ந்தேன்.

ஆனால் பாலாற்றங்கரையில் பிறந்து வாழ்கின்றவனுக்கு அச்சொல்லின் இரு பொருளையும் தனித்தனியே பிரித்து நிறுத்த இயலாது. மருந்துநீரில் முதற்பொருள் நிலவேம்பு அன்று, சுக்கும் அன்று, நீரே. அந்நீர் கெட்ட நிலத்தில் கைமருந்தின் பெருமையை மட்டும் பேசிக்கொண்டிருப்பது, அரிசியில்லா வீட்டில் சோறு வடிக்கும் பக்குவம் சொல்வதாகும். ஆகவே சளிக்கும் சளிக்காய்ச்சலுக்கும் உரிய வீட்டு மருந்துகளைப் பற்றி எழுதப் புகுந்த யான், ஆற்றைப் பற்றியும் தோலைப் பற்றியும் எழுத வேண்டியதாயிற்று.

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் மூக்குச் சிந்தாத வீடு இராது. இந்தியாவின் பெரும்பகுதியில் சளிக்காய்ச்சல் தென்மேற்குப் பருவமழைத் திங்கள்களில் மிகும். சென்னையிலும் வேலூரிலுமோ வடகிழக்குப் பருவமழைத் திங்கள்களில் மிகும். ஆய்வாளர் பல ஆண்டு கணக்கெடுத்துக் கண்டது இது. எம் பாட்டிமாருக்கு அக்கணக்கு தேவைப்படவில்லை. புரட்டாசி முடியுமுன்பே சுக்கு இடித்து வைத்தனர்.

மூக்கடைப்பும் தும்மலும் தொண்டைக் கரகரப்புமாக வரும் எளிய சளியை எம் பக்கத்தில் 'நீர் கோத்துக்கொண்டது' என்பர். நீர்க்கோவை என்னும் மருத்துவச் சொல்லும் அதுவும் ஒன்றே. தெற்கே தடுமன் என்பர். சற்றுப் படித்தவர் 'சலதோசம்' என்றனர். அவர்தம் பிள்ளைகள் 'கோல்டு' என்கின்றனர். உருது பேசும் இசுலாமியத் தோழர் 'சுக்காம்' என்பர். பெயர் எதுவாயினும் ஒழுகும் மூக்கு ஒன்றே. உடல்வலியும் கடுங்காய்ச்சலும் திடுமென வந்து ஆளைப் படுக்கையில் தள்ளுவது வேறு. அதுவே சளிக்காய்ச்சல், ஆங்கிலத்தில் 'புளூ' என்பது. இரண்டையும் ஒன்றெனக் குழப்புவதால் வரும் தீங்கைப் பின்னர்ச் சொல்வேன்.

கைமருந்துகளை முதலிற் சொல்லிவிடுகிறேன். அவை சொல்லத் தக்கவை. சுக்கின் மேல்தோல் ஆகாது, கடுக்காயின் உட்கொட்டை ஆகாது என்பது என் தாயாரின் வாய்பாடு. தோல் சீவிய சுக்கையும் மிளகையும் கொத்துமல்லி விதையையும் இளவறுப்பாக வறுத்துப் பொடித்து, பனைவெல்லமிட்டுக் கொதிக்க வைத்தால் சுக்குநீர். சுக்கு, மிளகோடு திப்பிலி சேர்ந்தால் முக்கடுகம். நல்லாதனார் தம் அறநூலுக்கே அம்மூன்று மருந்தின் பெயரைச் சூட்டினார் என்றால், அக்காலத் தமிழர் வீடுகளில் அவை எத்துணை இயல்பாக இடிபட்டிருக்க வேண்டும்! தூதுவளை இலையின் முள்ளைக் கிள்ளியெறிந்து நெய்யில் வதக்கித் துவையலாக்குவர். கற்பூரவள்ளி இலையை அனலில் வாட்டிப் பிழிந்து தேனிற் குழைத்துக் கொடுப்பர். கொள்ளை வேகவைத்து இறுத்த நீரில் பூண்டும் மிளகும் தட்டிப்போட்டுச் சாறு வைப்பர். மிளகுத்தண்ணீர் என்னும் நம் சொல்லை வெள்ளையன் 'மல்லிகட்டானி' என்று தன் உணவுப் பட்டியலில் எழுதிக்கொண்டான். நாமோ அதையே 'சூப்பு' என்று கேட்டு வாங்கிக் குடிக்கிறோம்.

வயல் நண்டை அம்மியில் நசுக்கி வைத்த சாற்றுக்கு எம் பக்கத்தில் தனி மதிப்பு இருந்தது. ஆட்டுக்கால் சாறும் அவ்வாறே. ஆட்டின் தோல் ஆலைக்குப் போகும். கால், சளி பிடித்தவன் வீட்டு அடுப்புக்கு வரும். ஆம்பூர், வாணியம்பாடி இசுலாமியர் வீடுகளில் யுனானி வழியில் வந்த 'சோசாந்தா' என்னும் மருந்துநீரைக் காய்ச்சுவர். அதிமதுரமும் இலந்தை வகைக் கனியும் இன்னும் சில சரக்குகளும் அதிற் சேரும். அதிமதுரம் என் தாயாரின் அஞ்சறைப் பெட்டியிலும் இருந்தது. இருமல் வந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து வந்த கிண்ணத்தை, அதன் மேலிருந்த பெயர் எம்மொழிச் சொல் என்று கேட்டு யாரும் திருப்பியனுப்பியதில்லை.

இனி வேது. நொச்சியிலையும் மஞ்சளும் இட்டுக் கொதிக்கும் நீரின் ஆவியைப் போர்வைக்குள் வாங்குவதை இன்று 'ஆவி பிடித்தல்' என்கின்றனர். வேது பிடித்தல் என்பதே பழைய வழக்கு. அச்சொல்லைக் கேட்ட என் பேரப்பிள்ளைகள் அது ஒருவர் பெயர் என்று எண்ணினர்.

இவையெல்லாம் என்ன செய்கின்றன? இங்கேதான் நம்மவர் சற்று நிதானித்தல் வேண்டும். எளிய சளியை உண்டாக்கும் நச்சுயிரிகள் 200 வகைக்கும் மேற்பட்டவை. அவற்றைக் கொல்லும் மருந்து சித்த மருத்துவத்திலும் இல்லை. ஆங்கில மருத்துவத்திலும் இல்லை. ஏழு நாளிலிருந்து பத்து நாளுக்குள் உடலே அவற்றை வென்றுவிடும். அந்நாள்களில் உடலுக்கு வேண்டியவை ஓய்வும், வெதுவெதுப்பான நீராகாரமும், செரிக்கக்கூடிய உணவும், தொண்டைக்கு இதமும் ஆகும். மிளகுநீரும் சுக்குநீரும் கொள்ளுச்சாறும் இவற்றைத்தாம் தருகின்றன. நாவுக்கு உறைப்பு, மூக்குக்குத் திறப்பு, வயிற்றுக்குச் சூடு. இது சிறு உதவியன்று. மருந்துக்கடைக்குப் போய் நோய் இன்னதென்றே சொல்லாமல் நான்கு வண்ணக் குளிகை வாங்கி விழுங்குவதைவிட இது எவ்வளவோ மேல். அக்குளிகைகளில் ஒன்று பெரும்பாலும் நுண்ணுயிர்க்கொல்லியாக இருக்கும். நச்சுயிரியின்மேல் அது செல்லாது. வீணே விழுங்கினால் பின்னாளில் உண்மையாகவே வேண்டும்போது வேலை செய்யாமற் போகும்.

மருந்தாகவே மெய்ப்பிக்கப்பட்டவையும் உண்டு. ஓராண்டைக் கடந்த குழந்தையின் இரவு இருமலுக்குத் தேன் பயன்படுகிறது என ஆய்வுகள் கண்டுள்ளன. மருந்துக்கடைகளில் சளியை இளக்குவதற்கு விற்கும் புரோமெக்சின் என்னும் மருந்து, ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டு ஐரோப்பியர் ஆய்வுக்கூடத்தில் ஆக்கியது. எம் ஊர் வேலியில் ஆடு தொடாமல் விட்ட செடி அது. ஆடு தொடாமையால்தான் அதற்கு அப்பெயர். நிலவேம்பு தொண்டைவலியையும் இருமலையும் ஓரளவு தணிக்கிறது என்பதற்கும் அயல்நாட்டாய்வுகள் சில சான்று தருகின்றன. ஆனால் அது எல்லாக் காய்ச்சலையும் ஓட்டும் என்பதற்குச் சான்றில்லை. சான்றில்லாததைச் சான்றுள்ளதாகப் பேசினால் தமிழ் மருத்துவத்துக்குப் பகை வெளியே தேட வேண்டா.

விலக்க வேண்டியனவும் உள. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் அப்பருவத்தில் உயிருக்கே கேடாகும். குளிப்பாட்டுகையில் கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அவ்வெண்ணெய் நுரையீரலில் இறங்கி அழற்சி தரும். சிறுவரைக் கொதிநீர்ச் சட்டியின்மேல் குனியவைத்து வெந்துபோன முகங்களை மருத்துவமனைகள் அறியும். விரலிமஞ்சளைச் சுட்டு அதன் புகையை முகர்வது ஈளை நோயாளிக்கு, அதாவது ஆசுத்துமா உள்ளவர்க்கு, மூச்சை இன்னும் இறுக்கும். பாட்டி செய்தாள் என்பதனாலேயே ஒன்று நன்றாகிவிடாது. பாட்டியரே இதை ஒப்புவர். தம் மாமியார் செய்ததில் பாதியை அவர்கள் கைவிட்டவர்கள்தாமே.

இனி நீருக்கு வருகிறேன்.

கபசுரக் குடிநீர்ப் பொடி ஒரு சிறு கரண்டியளவை 240 மில்லி நீரில் இட்டு 60 மில்லி ஆகும்வரை காய்ச்ச வேண்டும் என்பது பொட்டலத்தில் அச்சிட்ட முறை. அதாவது நான்கில் ஒன்றாகக் குறுக்குதல். காய்ச்சினால் கிருமி சாகும். நீரிற் கரைந்த உப்பு சாகாது. குரோமியமோ ஈயமோ ஆவியாகிப் போகாது. நான்கு பங்கு நீரில் இருந்தது முழுவதும் ஒரு பங்கில் வந்து நிற்கும். நல்ல ஆற்று நீரைக் கொண்டு வாழ்ந்த நம் முன்னோர் வகுத்த முறை இது. அவர்கள் கணக்கில் நீர் தூயது. தோல் கழிவு இறங்கிய கிணற்றின் நீரை அதே முறையில் குறுக்குகிறவள், அறியாமல் மருந்தோடு கழிவையும் குறுக்குகிறாள். மூன்று நாள் மருந்து குடிப்பதால் மட்டும் பெருங்கேடு விளையும் என்று அச்சுறுத்த வரவில்லை. அதே நீரில்தானே அவள் நாள்தோறும் உலை வைக்கிறாள். துன்பம் அங்கே இருக்கிறது.

இந்நிலம் எவ்வாறு இந்நிலைக்கு வந்தது என்பதற்கு உச்சநீதிமன்றத்தின் சொல்லே சான்று. வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை 1991-இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28-இல் வழங்கிய தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண்நிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்று குறித்தது. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது, குரோமிய முறைப் பதனிடலில் 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்றும் அது கூறிற்று. மாசுபடுத்தியவனே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது தலையாயது. உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் வேலூரின் பெயரை அதனால் அறிவர்.

அத்தீர்ப்பின் வழி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001-இல் ஏறத்தாழ 29,000 பேருக்கு 26 கோடியே 82 இலட்ச உரூபா ஈடு கணித்தது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரும். ஒரு கிணற்றைத் தூர்வாரவும் பற்றாது. அதுவும் எல்லார்க்கும் ஒழுங்காகச் சென்று சேரவில்லை. 2025 சனவரி 30-இல் உச்சநீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்து, ஈட்டை அரசு முதலிற் கொடுத்துவிட்டுப் பின் மாசுபடுத்திய ஆலைகளிடம் தண்டிக்கொள்ளட்டும் என்றும், ஆற்றை மீட்பதற்கு ஓய்வுபெற்ற நடுவர் தலைமையில் குழு அமையட்டும் என்றும் கட்டளையிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். முதல் தீர்ப்பு நாளில் சளிக்கு மருந்து குடித்த சிறுமி இன்று தன் பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடுக்கிறாள்.

நேர்மைக்காக ஒன்று சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகட்கு முன் இருந்தவாறே இன்றும் எல்லா ஆலைகளும் கழிவை ஆற்றில் விடுகின்றன என்பது மெய்யன்று. பொதுக் கழிவுநீர்த் தூய்மிப்பு நிலையங்கள் எழுந்தன. கழிவுநீரை வெளியே விடாது திரும்பப் பயன்படுத்தும் முறையும் வந்தது. எனினும் மண்ணில் இறங்கிய உப்பு இறங்கியதுதான். 2015 சனவரி 31-இல் இராணிப்பேட்டையில் அத்தகைய நிலையம் ஒன்றன் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் மூழ்கி மாண்டனர். பாலாற்றங்கரை மக்களுக்கு இன்று மேட்டூரிலிருந்து காவிரி நீர் குழாய் வழி வருகிறது. தன் ஆற்றைத் தோலுக்குக் கொடுத்துவிட்டு அயலாற்று நீருக்குக் குடத்தோடு நிற்கும் நிலை நமக்கு.

நீர் மட்டுமா? நிலவேம்புக் குடிநீரின் ஒன்பது சரக்குகளை எண்ணிப் பாருங்கள்: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். சந்தனத்துக்குச் சவ்வாது மலை பெயர் பெற்றது. கோரை, ஆற்றோர ஈரநிலங்களில் தானே வளர்வது. கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளிலும் அதற்கு இடமுண்டு. வெட்டிவேரையோ இன்று உலகெங்கும் மாசடைந்த மண்ணைத் தூய்மையாக்க நடுகின்றனர். மாழை நஞ்சுகளை வேரால் உறிஞ்சித் தன்னுள் தேக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இருப்பதே காரணம். அதை ஆலைக் கழிவோடையின் கரையில் பிடுங்கி மருந்துச் சட்டியில் இட்டால் என்னாகும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். மருந்துச்செடி எங்கே முளைத்தது என்று கேட்டு வாங்குங்கள். மலையடிவாரத்துச் செடி, நல்ல தோட்டத்துச் செடி, வீட்டுத் தொட்டிச் செடி ஆகியவை போதும். கழிவோடிய ஓடையோரத்துத் தூதுவளை எவ்வளவு தளதளவென்றிருந்தாலும் வேண்டா. வயல் நண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதேயில்லை. நண்டு போய் நெடுங்காலமாயிற்று.

ஒரு வியப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தோலைப் பதனிட நம் முன்னோர் பயன்படுத்தியவை எவை? ஆவாரம்பட்டையும் கடுக்காயும். ஆவாரை பூத்த ஊரில் சாவில்லை என்னும் கருத்துடைய பழமொழி நம்மிடம் உண்டு. ஆவாரைக் குடிநீர் நீரிழிவுக்குச் சித்தர் மருந்து. கடுக்காய்த்தோல் கபசுரக் குடிநீரில் ஒரு சரக்கு. சவ்வாது மலைவாழ் மக்கள் திரட்டிக் கொணரும் கடுக்காய், நாட்டுமருந்துக் கடைக்கும் தோல்சாப்புக்கும் ஒரே மூட்டையிலிருந்து பிரிந்து சென்றது. (தோல் பதனிடும் ஆலையை எம்மக்கள் தோல்சாப்பு என்றே வழங்குவர்.) பின்னர் ஆவாரைக்கு மாற்றாகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. 1970-களின் முற்பகுதியில் மைய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதத் தோலுக்கும் அளவு கட்டி, முழுதும் பதனிட்ட தோலையே அயல்நாட்டுக்கு அனுப்ப ஊக்கிற்று. பட்டை முறைக்குப் பல கிழமை ஆகும். குரோமிய முறைக்குச் சில நாளே போதும். பட்டைக் குழிகள் மூடப்பட்டு உருளைகள் சுழலத் தொடங்கின. ஐரோப்பியனுக்குக் காலணி போயிற்று. கசடு இங்கே தங்கிற்று. பட்டை முறை மாசே இல்லாத முறை என்று யான் சொல்லமாட்டேன். சுண்ணாம்பும் உப்பும் அழுகலும் அதிலும் இருந்தன. அக்குழியில் நின்றவர்களின் தாழ்த்தப்பட்ட வாழ்வும் இருந்தது. அந்நாள் மீள வேண்டும் என்பதன்று என் வழக்கு.

இனி, சளி அல்லாத சளியைப் பற்றி. கைமருந்து பற்றிய பேச்சில் இவ்வட்டாரத்தார் தவறாது அறிய வேண்டியது இதுவே.

தோல்சாப்பிலும் காலணி ஆலையிலும் வேலை செய்வாரின் மூக்கு ஒழுகுவதற்குக் குளிரும் மழையும் மட்டும் காரணமல்ல. தோலைத் தேய்க்கும் பிரிவில் எழும் தூசி, மெருகுப் பூச்சின் ஆவி, காலணி ஒட்டும் பசையின் நெடி ஆகியவை மூக்கையும் தொண்டையையும் நாள்தோறும் அரிக்கும். தோல் தூசியை மூக்குப் புற்றுக்குக் காரணமாகும் பொருள்களுள் ஒன்றாக உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்திருக்கிறது. கழிவுக்குழியில் எழும் ஐதரசன் சல்பைடு என்னும் அழுகல்முட்டை நாற்ற வளி, அளவு மிகும்போது மூக்கின் முகரும் ஆற்றலையே மரக்கச் செய்துவிடும். 'நாற்றம் போய்விட்டது' என்று எண்ணிக் குழியில் இறங்குபவன் திரும்புவதில்லை. பச்சைத் தோலில் அரிதாக அடைப்பான் நோயின் வித்துகள் இருக்கலாம். மூச்சில் புகுந்தால் அது தொடக்கத்தில் சளிக்காய்ச்சல் போலவே தோன்றி இரண்டொரு நாளில் உயிரைக் குடிக்கும். ஞாயிறன்று குறைந்து திங்களன்று மீளும் தும்மல், விடுமுறையில் ஊருக்குப் போனால் நின்றுவிடும் இருமல், இவற்றுக்குத் தூதுவளை மருந்தன்று. காற்றோட்டமும், தூசியை உறிஞ்சும் கருவியும், தக்க முகமூடியுமே மருந்து. அவற்றைச் செய்யவேண்டியவன் முதலாளி.

எம் தெருவில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டா, ஆலையின் பெயரும் வேண்டா. உருளையிலிருந்து ஈரத்தோலை எடுத்துப் போடும் வேலை. கார்த்திகையில் தொடங்கிய இருமல் பங்குனிவரை நிற்கவில்லை. அவர் மனைவி கைமருந்தில் தேர்ந்தவர். சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, ஆட்டுக்கால் என எதையும் விட்டாரில்லை. ஒருநாள் வேலைக்குப் போகாவிடின் ஒருநாள் கூலி போகும் ஆகையால் மருத்துவமனைக்குப் போவதை அவர் தள்ளிக்கொண்டே வந்தார். யானும் அவருக்கு நிலவேம்புப் பொடி வாங்கிக் கொடுத்தேன். தமிழ் மருந்தை மதித்துக் குடிக்கிறார் என்று உள்ளூரப் பெருமையும் பட்டேன். இருமலில் குருதி வந்த பின்னரே சளியை ஆய்வுக்குக் கொடுத்தார். என்புருக்கி. அதற்குள் அவர் இளைய மகனுக்கும் தொற்றியிருந்தது. அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கொடுத்த குளிகைகளால் இருவரும் பிழைத்தனர். ஆனால் அவருடைய ஒருபக்க நுரையீரல் பாதி போயிற்று. அந்நாலு திங்களில் யான் கொடுத்த பொட்டலங்களை இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஆகவே இரண்டு கிழமைக்கு மேல் நிற்கும் இருமலுக்குக் கைமருந்து கிடையாது என்று வீட்டில் எழுதி ஒட்டுங்கள். சளியாய்வுக்கு அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லை. மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, உதடு நீலம் பாய்தல், மூன்று நாளைக்கு மேற்பட்ட கடுங்காய்ச்சல், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல், குழந்தை பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அடுப்பை அணைத்துவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கருவுற்றவர், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள், 65 வயதைக் கடந்தவர், நீரிழிவும் ஈளையும் உள்ளவர் ஆகியோருக்கு வந்தது சளிக்காய்ச்சல் என்று ஐயுற்றால் முதல் இரண்டு நாளுக்குள்ளேயே மருத்துவரைக் காணல் வேண்டும். சளிக்காய்ச்சலுக்குரிய மருந்து அந்நாள்களில்தான் நன்கு வேலை செய்யும். ஐயம் என்பது தமிழில் கோழைக்கும் பெயர், சந்தேகத்துக்கும் பெயர். கோழையைக் கண்டால் சற்றே ஐயுறுக என்று நம் மொழியே சொல்லி வைத்தாற்போல இருக்கிறது.

கொரோனாக் காலத்தில் கபசுரக் குடிநீரை நம்மவர் சிலர் முழங்கிய முழக்கம் எனக்கு உவப்பாயில்லை. அதனைக் குடித்தால் தொற்றே வாராது என்று மேடையிற் பேசினர். அக்குடிநீர் நோயாளிக்குத் துணைமருந்தாக அரசு சித்த மருத்துவ நடுவங்களில் வழங்கப்பட்டது. அங்கே மருத்துவர் இருந்தனர், மூச்சுவளி அளவு பார்த்தனர், கூடாதபோது பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினர். அவ்வொழுங்கைச் சொல்லாமல் குடிநீரை மட்டும் சொன்னவர்கள், வீட்டிலேயே மூச்சுத் திணறிக் கிடந்தவர்களுக்கு விடை சொல்லக் கடன்பட்டவர்கள்.

அதே மேடைகளில் பாலாற்றைப் பற்றி ஒரு சொல் வந்ததா? வரவில்லை. தமிழ் மருந்தைப் புகழ்வதற்குச் செலவில்லை. தோல்முதலாளியைக் கேட்பதற்கு உண்டு. கழிவிட்டவருள் தமிழரும் உளர், நன்கொடை தருவோரும் உளர். மருந்தின் பெயர் தூய தமிழாக இருந்து, அதைக் காய்ச்சும் நீர் தூய்மையற்றிருந்தால் நமக்கு எதில் பெருமை?

கேட்க வேண்டியவை பெரிய செய்திகள் அல்ல. தோல் வட்டாரத்தின் ஒவ்வோர் ஊராட்சியிலும் பொதுக்கிணறு, ஆழ்துளைக்கிணறு ஆகியவற்றின் நீரை ஆண்டுக்கு இருமுறை ஆய்ந்து, எது குடிக்கத் தகும், எது தகாது என்று ஊராட்சி மன்றச் சுவரில் தமிழில், எழுத்தறிந்த எவரும் புரிந்துகொள்ளும் தமிழில், எழுதி வைக்க வேண்டும். இப்போது அவ்வாய்வுகள் ஆங்கிலக் கோப்பாகக் கிடக்கின்றன. காவிரிக் குழாய் நீரை மருந்து காய்ச்சவும் குழந்தைக்குக் கொடுக்கவும் தனியே பிடித்து வைக்குமளவேனும் எல்லாத் தெருவுக்கும் விட வேண்டும். தொழிலாளர் காப்பீட்டில் நோய்விடுப்புக்கு ஆண்டில் 91 நாள்வரை ஊதியத்தில் 70 விழுக்காடு உண்டு. ஆனால் பெயர்ப்பட்டியலிலேயே இல்லாத ஒப்பந்தக் கூலிக்கு அது எங்கே? வீட்டில் மேற்பாகம் தைத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு எங்கே? குரோமியத்தால் வரும் நோயை அக்காப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை தொழில்நோய் என்று ஏற்றிருந்தும், மருத்துவச் சீட்டில் 'சளி' என்று எழுதப்பட்டுவிட்டால் அவ்வட்டவணையால் யாருக்குப் பயன்?

என் தாயார் மறைந்து பல ஆண்டுகளாயின. அவர் கைப்பக்குவம் என் மருமகளிடம் இருக்கிறது. சென்ற கார்த்திகையில் பேரனுக்கு நீர் கோத்துக்கொண்டபோது அவள் சுக்கைத் தோல் சீவினாள், மிளகு எண்ணிப் போட்டாள், பனைவெல்லம் தட்டினாள். பிறகு கடைக்கு ஆளனுப்பி 20 லிட்டர்த் தண்ணீர்க் குடுவை ஒன்று வாங்கி வரச்சொல்லி, அது வரும்வரை அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டுக் கிணறு கொல்லையில் பத்தடி தொலைவில் இருக்கிறது. அதில் நீரும் இருக்கிறது.